இளைக்காத கட்டை

கோடை தொடங்கிய வாரத்தில் எந்திரத்தில் ஏற்றிய பூர்ச்சக் கட்டை, மழை பிடித்த பிறகும் உரிந்துகொண்டே இருந்தது. ஒரு நூல் அளவுகூட இளைக்கவில்லை. வழக்கமாக ஒரு கட்டை ஏறினால், பக்கத்தில் நிற்பவர் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது முழுவதும் உரிந்து தீர்ந்துவிடும். இது தீரவில்லை. ஊரில் யாரும் இதைக் கடவுள் செயல் என்றோ பேய் வேலை என்றோ சொல்லவில்லை. ஆலைக்கு நல்ல காலம் என்றார்கள். அந்த வாரம் வெங்காய விலை ஏறியிருந்தது. பேச்சில் முதலிடம் அதற்குத்தான், கட்டை இரண்டாவதாக வந்தது.

பூர்ச்ச மரத்தைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. வெள்ளை வெளேரென்று நேராக நிற்கும். பட்டை காகிதம் போலச் சுருள் சுருளாக உரியும். கிளை ஒடிந்த இடம் ஆறும்போது, கண்ணை மூடியது போலக் கறுப்பாக ஒரு தழும்பு விழும். ஊருக்கு மேலே இருந்த மலைச்சரிவு முழுக்க ஒரு காலத்தில் இந்த மரம்தான். பூர்ச்சம் என்ற சொல்லுக்கு ஒளிர்வது என்று பொருள். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் அது இருந்தது, பரீட்சையில் ஒரு மார்க் கேள்வியாகத் தவறாமல் வந்தது, ஊரில் எல்லோரும் அந்த ஒரு மார்க்கை வாங்கியவர்கள்தான். வாங்கியதோடு சரி. அந்த மரம் எதற்காக ஒளிர வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆசிரியை உட்காரச் சொல்லியிருப்பார்.

சரிவின் அடியில் ஆலை. மரத்தை வெட்டி, வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பட்டை நீக்கி, உரிப்பு எந்திரத்தில் இரண்டு பக்கமும் இரும்புப் பல்லால் கவ்விச் சுழற்றுவார்கள். கட்டையின் நீளத்துக்கு ஒரு கத்தி போய் அதன்மேல் உட்காரும். பென்சில் சீவும்போது சுருள் வருமே, அப்படி மரம் ஒரே நீளமான தாளாகக் கழன்று வரும். வெளியூர்க்காரர்கள் அதை வெனீர் என்பார்கள். ஊரில் தாள் என்றுதான் பேச்சு. தாளைக் காயவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் பிளைவுட். எவ்வளவுதான் உரித்தாலும் இரும்புப் பல் கவ்விய நடுப்பகுதி மணிக்கட்டுக் கனத்துக்கு மிஞ்சும். அந்த நடுக்கட்டையை எரிக்கக் கூடாது, விற்கக் கூடாது. ஷிப்டு முடிந்ததும் உரித்தவனே அதைச் சரிவுக்குத் தூக்கிப்போய், வெட்டிய மரத்தின் அடிக்கு அருகில் குழி தோண்டி நிறுத்திவிட்டு வர வேண்டும். அதுதான் ஆலையின் வழக்கம். காரணம் யாருக்கும் தெரியாது. நட்ட கட்டை முளைத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அடுத்த வருடம் அதைச் சுற்றிப் பூர்ச்சக் கன்றுகள் தானாக வந்துவிடும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டுக் கால் வலிக்க மலை ஏறியவர்கள் முணுமுணுத்த கெட்ட வார்த்தைகள்தான் அவற்றுக்கு உரம் என்று ஆலையில் ஒரு கேலி உண்டு.

பெரிய முதலாளி படுத்த படுக்கையான பிறகு அவருடைய மருமகன் பொறுப்புக்கு வந்தார். ஊர் அவரைச் சின்ன முதலாளி என்றது. வந்த கையோடு புது எந்திரம் ஒன்று வாங்கினார். அதில் பல் கிடையாது. மூன்று உருளைகள் கட்டையை வெளியிலிருந்து அணைத்துச் சுழற்றும். நடுக்கட்டை பென்சில் கனத்துக்கு வந்துவிட்டது. பென்சிலைத் தூக்கிக்கொண்டு மலை ஏற யாருக்கு மனம் வரும்? முதலில் வாரத்துக்கு ஒரு முறை கட்டாகக் கட்டி எடுத்துப் போனார்கள். பிறகு போகவில்லை. யார் மெல்லிசாக மிச்சம் வைப்பது என்று உரிப்புக்காரர்களுக்குள் போட்டி வேறு வந்துவிட்டது. பகல் ஷிப்டு உரிப்புக்காரன் கைகாரன். கட்டை சுழலும் சத்தத்தைக் கேட்டே கத்தியை நகர்த்துவான். ஒரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தியை உள்ளே விட்டு விட்டு, கடைசி நார் வரைக்கும் தாளாகவே எடுத்து, உருளைகள் வெறும் காற்றைச் சுழற்றும்படி செய்துவிட்டான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அன்றிலிருந்து அவனுக்கு மிச்சம்வைக்காதவன் என்று பட்டப்பெயர். அவனும் அதைப் பதக்கம் மாதிரி குத்திக்கொண்டு திரிந்தான்.

அவன் மனைவிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவளும் அதே ஆலையில் தாள் பார்ப்பவள். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை, வெடிப்பு, கணு இருக்கும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது வேலை. "தட்டுல மிச்சம் வைக்கலன்னா சமத்துன்னு சொல்லலாம். இதுல என்னங்க பெருமை?" என்று ஒரு தடவை கேட்டாள். அவன் சிரித்துவிட்டுப் போனான். அடுத்த வருடம் சரிவில் ஒரு கன்றுகூட வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. வெட்ட வெட்ட மலை மொட்டையாகி, கடைசியில் உச்சியில் ஒரே ஒரு பூர்ச்சம் பாக்கி நின்றது. ஆலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. பாதி ஊர் மூட்டை கட்டத் தயாரானது. ஒற்றை மரம் நின்று யாருக்கு என்ன லாபம், மூடுவதற்குமுன் அதையும் பார்த்துவிடலாம் என்றார் சின்ன முதலாளி. வெட்டினார்கள், ஊறப்போட்டார்கள், ஏற்றினார்கள். ஏற்றியவன் மிச்சம்வைக்காதவன். அன்று காலையில்தான் அவன் மனைவிக்கு வலி எடுத்திருந்தது.

அவன் கத்தியை இறக்கிய வேளையில் பெண் குழந்தை பிறந்தது. செய்தி வந்தபோது அவனால் போக முடியவில்லை, கட்டை முடியவில்லை. முடியட்டும் என்று மத்தியானம் வரை நின்றான். அடுத்த ஷிப்டுக்காரன் வந்து நின்றான். மறுநாளும் இவன் வந்து நின்றான். தாள் வந்துகொண்டே இருந்தது; நல்ல வெள்ளை, ஓரம் பிசிறில்லாமல். ஒரு வாரம் போனதும் சின்ன முதலாளி மூடும் பேச்சை விட்டுவிட்டு, மூன்று ஷிப்டு என்று அறிவித்தார். மூட்டை கட்டியவர்கள் அவிழ்த்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள்கூட மனைவி மக்களோடு திரும்பி வந்தார்கள். வெட்ட வேண்டாம், சுமக்க வேண்டாம், மரமே தீராத மர ஆலை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மேஸ்திரி சொன்னார். இந்த மேஸ்திரி உரிப்புக்காரன் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மூன்று ஷிப்டுக்கும் பொறுப்பு அவர்தான். மீசையும் குரலும் பெரியவை. மனசு எப்படி என்று அதுவரை யாருக்கும் பார்க்கத் தேவை ஏற்படவில்லை.

வெளிச்சம் குறைவதை முதலில் கண்டுபிடித்தவர் தையல்காரர். உச்சி வெயிலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று கண்ணாடி மாற்றினார். பிறகு மற்றவர்களும் கண்ணாடி மாற்றினார்கள். கோழிகள் மூன்று மணிக்கே அடைந்தன. வானத்தில் மேகம் இல்லை, சூரியன் தன் பாட்டுக்கு இருந்தது; ஊருக்கு வந்து சேரும்போது மட்டும் அது தண்ணீர் கலந்த பால் மாதிரி இருந்தது. பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டினால் சரியான வெயில். ஆலைக் கிடங்கில் நிலைமை நேர்மாறு. அந்தக் கட்டையின் தாளை அடுக்கி வைத்த மூலையில் விளக்கு இல்லாமலே பேப்பர் படிக்கலாம். ராத்திரி லாரிகள் தார்ப்பாய்க்குள் பொழுது விடிந்தது போல வெளுத்துக்கொண்டு போயின. பெரிய நகரங்களில் கதவுக்கும் மேஜைக்கும் இந்தப் பலகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். ஊர் இருட்டிக்கொண்டு வருவதைச் சின்ன முதலாளி மறுக்கவில்லை. ஆலைச் செலவில் வீட்டுக்கு ஒரு விளக்கு கொடுத்தார். நல்ல மனுஷன் என்று பெயர் வாங்கினார்.

குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. பால் குடித்தது, எடை கூடியது, சத்தம் கேட்டால் தலையைத் திருப்பியது. கண்ணை மட்டும் திறக்கவில்லை. இரண்டு நாளில் திறக்கும் என்றார்கள், இருபது நாளில் திறக்கும் என்றார்கள், தகப்பனைப் போலப் பிடிவாதம் என்றார்கள். டாக்டர் இமையை விரலால் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. "கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா. தொறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி" என்றார். தாய்க்கு இந்தப் பதிலைக் கேட்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வீடு ஆலைச் சுவரை ஒட்டி இருந்தது. எந்திரத்தின் உறுமல் அந்த வீட்டில் சுவர், பாத்திரம், தொட்டில் எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கும். கத்தி மழுங்கினால் மாற்றுவதற்காகக் கொஞ்ச நேரம் எந்திரத்தை நிறுத்துவார்கள். அப்படி ஒரு தடவை நின்றபோது, மடியில் இருந்த குழந்தையின் இமை துடித்ததைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மங்கல் சற்று வெளுத்தது. எந்திரம் மறுபடி ஓடியதும் இமை இறுக ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவையும் அப்படி, அதற்கடுத்த தடவையும் அப்படி.

குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அவள் இடத்தில் இப்போது வேறொருத்தி வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். இவள் ஒரு தாளை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கணு. அடுத்த தாளிலும் அதே இடத்தில் இரண்டு கணு. ஒரு கட்டையில் கணு உள்ளே போகப் போகச் சிறுத்து, இடம் நகர்ந்து, மறைந்துவிடும்; எத்தனையோ வருடம் பார்த்தவளுக்கு அது தெரியும். இது சிறுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. அடுக்கின் அடி வரைக்கும் புரட்டினாள். தாள் தோறும் மூடின இமை மாதிரி இரண்டு கறுப்புக் கோடு அவளையே பார்க்காமல் பார்த்தது. மற்றவள், "இது டிசைன்னு கடைக்காரங்க விரும்புறாங்களாம், இதுக்கு வட்டம் போட வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

அன்று புருஷன் வந்ததும் சொன்னாள். "எந்திரம் நிக்கிறப்போ இமை ஆடுதுங்க. ஓடுறப்போ ஒட்டிக்குது. நான் நல்லாப் பாத்துட்டேன்."

"குழந்தைன்னா இமை ஆடத்தான் செய்யும்."

"அப்ப கத்தி மாத்துறப்போ நீங்களே வந்து பாருங்க."

அவன் வரவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவன் கல்நெஞ்சன் இல்லை. தொட்டிலைத் தாண்டும்போதெல்லாம் நடை தளர்ந்தவன்தான். ஆனால் கைதட்டல் பழகிய கை. தோற்றுப்போய்க் கட்டையை இறக்கினான் என்ற பேச்சு வந்துவிடுமே என்று ஒரு பயம். வேறு வழி யோசித்தான். கட்டை முடிந்தால்தானே எந்திரம் நிற்கும்? முடித்துவிட்டால் போகிறது. "நான் முடிக்காத கட்டையா? ரெண்டு நாள் டைம் குடு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, மறுநாள் வேகத்தைக் கடைசி முள் வரைக்கும் ஏற்றினான். தாள் துணிக்கடையில் பீஸ் உருட்டுவது போலக் கொட்டியது. சின்ன முதலாளி தட்டிக்கொடுத்தார். ஊர் அந்த இரண்டு நாளில் கிணற்றுக்குள் இறங்கியது போல இருண்டது. மத்தியானம் பிள்ளைகள் கையில் விளக்கோடு பள்ளிக்கூடம் போனார்கள். கட்டை ஏற்றிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்தபோது மனைவி குழந்தையை விளக்குப் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். மேல் இமையும் கீழ் இமையும் சேரும் கோடு, கண்ணின் மூக்குப்பக்க ஓரத்தில் இல்லாமல் போயிருந்தது. வெட்டுப்பட்ட மரத்தில் பட்டை வந்து மூடுமே, அப்படித் தோல் மூடிக்கொண்டு வந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, முதல் முறையாகப் பயந்தார். "கோடு முழுசா மறைஞ்சுட்டா அப்புறம் கண்ணுங்கற பேச்சே இல்ல. வெட்டித் தொறக்கவும் இடம் இருக்காது."

அவள் அண்ணனிடம் ஓடினாள். மேஸ்திரி ஆலை வாசலில், விளக்கடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, எந்திரத்த நிறுத்துண்ணே. கட்டைய எறக்கிடச் சொல்லு."

"நிறுத்துனா சின்ன முதலாளி என்னைய நிறுத்திடுவாரு. எனக்கும் பிள்ளைங்க இருக்குல்ல?"

"அதுங்களுக்கெல்லாம் கண்ணு தொறந்துதானே இருக்கு?"

மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார். கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் அவளுக்கு யாரும் வரிசை விடவில்லை. பிரசவத்தின்போது கூடவே இருந்து இடுப்பைப் பிடித்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரியே, "ஒரு பிள்ளை கண்ணுக்காக ஊரு அடுப்பெல்லாம் அணையணுமா, நீயே சொல்லு" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். இருந்தாலும் கேட்ட கேள்வி கேட்டதுதான். சின்ன முதலாளி ஆள் அனுப்பினார்: எந்த ஊரில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியானாலும் செலவு ஆலையுடையது, எந்திரத்தின்மேல் மட்டும் கை வைக்க வேண்டாம். கூடவே உரிப்புக் கூடத்து வாசலில் நாலு பேரைக் காவலுக்கும் போட்டார். உரிப்புக்காரன் அன்று முழுக்கத் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பெண்ணின் கண்ணைத் தானே தாள் தாளாகச் சீவி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டு அழுதான். "நாளைக்குக் கட்டைய எறக்குறேன்" என்றான்.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனான், வழக்கம்போலக் கத்தியை இறக்கினான். உச்சிப்பொழுது, ஆனால் வெளியே மை இருட்டு. மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, உருளைகளை விலக்கி, கட்டைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தான். நாலு பேர் சேர்ந்து ஏற்றிய கட்டை. தூக்கினால் ஒரு பென்சில் எடைகூட இல்லை. ஒன்றும் மிச்சம் வைக்காமல் அவன் சீவித் தள்ளிய நடுக்கட்டைகள் எல்லாம் சேர்ந்தால் என்ன கனம் இருக்குமோ அந்தக் கனம்தான் என்று பிற்பாடு ஊரில் விளக்கம் சொன்னார்கள். துண்டைப் போடுவது போலத் தோளில் போட்டுக்கொண்டான். எந்திரம் நின்ற சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு மேஸ்திரி நின்றார், கையில் கட்டை புரட்டும் இரும்புக் கம்பி. பின்னால் காவலுக்குப் போட்ட நாலு பேரும் மூன்று ஷிப்டு ஆட்களும் விளக்குகளோடு.

"மாப்ள, கட்டைய எடுத்த எடத்துல வை."

"எடுத்த எடத்துலதான் மச்சான் வைக்கப் போறேன். அது மலை மேல இருக்கு."

"ஒரு அடி எடுத்து வச்ச, தங்கச்சி புருஷன்னு பாக்க மாட்டேன்."

கம்பி உயர்ந்தது. உரிப்புக்காரன் நிற்கவில்லை, வேகமாகவும் வரவில்லை; சத்தம் கேட்டுக் கத்தி நகர்த்துகிறவன் நடக்கும் நடை. அந்த நேரத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் மனைவி வந்தாள். யாரிடமும் கெஞ்சவில்லை. "அண்ணே, இவளக் கொஞ்சம் புடி" என்று குழந்தையை மேஸ்திரியின் நெஞ்சுக்கு நேராக நீட்டி, கையை விட்டுவிட்டாள். கழுத்து சரியாக நிற்காத குழந்தையை ஒரு கையால் வாங்க முடியாது. மூன்று பிள்ளை பெற்றவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பி தரையில் விழுந்தது. ஒரு கை தலைக்கும் ஒரு கை இடுப்புக்குமாக, மேஸ்திரி மருமகளை ஏந்திக்கொண்டு சிலையாக நின்றார். உரிப்புக்காரன் அவருக்குப் பக்கவாட்டில் திரும்பி, கட்டை குழந்தையின்மேல் படாமல் வெளியே போனான். மேஸ்திரி தடுக்காததைத் தடுக்க மற்றவர்களுக்குத் துணிவு வரவில்லை. வெளியே நின்றவர்களுக்குத்தான் அந்தத் துணிவு இருந்தது. கல் வந்தது. ஒன்று முதுகில் பட்டது, ஒன்று காதில். திரும்பிப் பார்க்காமல் சரிவில் ஏறினான்.

கட்டையின் வெளிச்சம் இரண்டு எட்டுக்கு முன்னால் விழுந்தது. கீழே இருந்து பார்த்தவர்களுக்கு ஆள் தெரியவில்லை. வெள்ளைக் கோடு ஒன்று தானாக மலை ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் அடிமரம் கிடைத்தது. அப்போதுதான் மண்வெட்டி எடுத்து வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நடுக்கட்டை நட்டு வருடக்கணக்காகிவிட்டதால் அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. மண்டியிட்டுக் கையால் தோண்டினான். மழை பெய்த மண் மேலே இளகியிருந்தது, கீழே சரளை. நகம் பெயர்ந்தது. கீழே உரிப்புக் கூடத்தில், யாரோ பிடித்த விளக்கில், மேஸ்திரி குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது இமையின் கோடு பாதிக்குமேல் போய்விட்டது. "நிறுத்தியாச்சே, இன்னும் ஏன் மூடுது?" என்று அவர் கத்தினார். "மாப்ள, சீக்கிரம்டா!" மலை உச்சிக்கு அது கேட்டிருக்க வழியில்லை. ஆனால் சற்றுமுன் கல் எறிந்தவர்களுக்குக் கேட்டது, கையில் மிச்சம் இருந்த கல்லைக் கீழே போட்டார்கள். மேலே அவன் கட்டையை நிறுத்தினான், சாய்ந்தது. இன்னும் தோண்டினான், முழங்கை ஆழம் போனான், மறுபடி நிறுத்திச் சுற்றிலும் மண்ணைத் தள்ளி, தன் முழு எடையையும் கொடுத்து மிதித்தான். கையை எடுத்தான். கட்டை நின்றது.

மணி இரண்டரை. இரண்டரை மணிக்கு இருக்க வேண்டிய வெயில் அப்போது அங்கே இருந்தது. இடியும் இல்லை, மின்னலும் இல்லை. தெருவில் எல்லோரும் கையில் எரியும் விளக்கோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அசடு வழிய நின்றார்கள். குழந்தை கண்ணைத் திறந்தது. உலகத்தில் அது முதன்முதலில் பார்த்தது தாய்மாமனின் மீசையை; பயந்து வீறிட்டது. மேஸ்திரி அதைவிடச் சத்தமாக அழுதார்.

உரிப்புக்காரன் இறங்கி வந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தார்கள். அவனைச் சுற்றி ஒரு குடை அகலத்துக்கு வெளிச்சம் திரும்பி வரவில்லை. அவன் நடந்தால் அந்தச் சாயங்காலமும் கூடவே நடந்தது. லாரி ஏறிப் போனது போனதுதானே, குறைந்ததை எங்காவது குறைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஊர் முடிவுக்கு வந்தது. தொலைவில் நகரங்களில் கதவுகளும் மேஜைகளும் மங்கிப் போய், புகார்கள் வந்தன. மரம் என்றால் நிறம் மாறத்தான் செய்யும் என்று சின்ன முதலாளி பதில் எழுதிவிட்டு, ஆலையைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனார். அந்த வருடம் கெட்ட வருடம். பலர் வேலை தேடிப் போனார்கள். போகும்போது அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மறு வருடம் உச்சியில் நின்ற கட்டையைச் சுற்றி விரல் கனத்தில் கன்றுகள் வந்தன. பிறகு சரிவு முழுக்க வந்தன, ஆலைக் கூரை ஓட்டிடுக்கில்கூட ஒன்று. வழக்கத்துக்கு மாறாக ஐந்தாறு வருடத்திலேயே மரம் தேறியதும், ஊரிலேயே தங்கிவிட்ட பெரிய முதலாளியின் மகள் ஆலையைத் திறந்தாள். புது எந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பல் வைத்த எந்திரத்துக்கு எண்ணெய் விட்டார்கள். அதை ஓட்ட அவனைத்தான் கூப்பிட்டார்கள். காதால் உரிக்கிறவனுக்கு வெளிச்சம் எதற்கு? இப்போது அவன் வைக்கும் நடுக்கட்டை முழங்கைக் கனம் இருக்கும். இருந்தாலும் பெயர் மிச்சம்வைக்காதவன்தான். ஊர் வைத்த பெயரை ஊரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

அவனுடைய இருட்டு நாளடைவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. கோடையில் பஸ் நிறுத்தத்தில் அவன் பக்கத்தில் நிற்க இடம் பிடித்தார்கள். தூங்காத குழந்தைகளை மத்தியானம் அவன் மடியில் போட்டு வாங்கிப் போனார்கள். போட்டோக்காரர் மட்டும் அவனைக் கண்டால் கும்பிட்டு ஒதுங்கிவிடுவார். அந்த இருட்டுக்குள் ஒரே ஒரு விசேஷம் உண்டு. வேலை முடிந்து வரும்போது அவன் தலைமயிரிலும் முன்கையிலும் ஒட்டியிருக்கும் பூர்ச்சத் தூள், பட்டப்பகலில் யாருக்கும் தெரியாதது, அங்கே பொட்டுப் பொட்டாக மின்னும்.

பெண் மூன்றாம் வகுப்புக்கு வந்தாள். பரீட்சையில் வழக்கமான ஒரு மார்க் கேள்வி: பூர்ச்சம் என்றால் என்ன? எல்லாப் பிள்ளைகளும் ஒளிர்வது என்று எழுதினார்கள். இவள், 'சாயங்காலம் எங்க அப்பா மலையிலிருந்து வர்றது' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. நடுக்கட்டையை நட்டுவிட்டு ஒருவன் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தான். குடை அகல இருட்டும், அதற்குள் கை வீசும் இடத்தில் மினுக்கும் தூளும். பள்ளிக்கூட வாசலில் ஒரு சின்னப் பெண் கண்ணை அகலத் திறந்து, எட்டி எட்டிப் பார்த்து நின்றாள். ஆசிரியை ஒரு மார்க் போட்டார். மிச்சத் தாள்களை நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று கட்டி வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வெங்காயம் வாங்கினார்.